உறக்க முடக்கமும் தெளிவான கனவுகளும்: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

உறக்கத்திலிருந்து விழிப்பு வந்துவிட்டது, கண்கள் திறந்திருக்கின்றன, அறையில் உள்ள பொருள்கள் தெரிகின்றன. ஆனால் கையையோ காலையோ அசைக்க இயலவில்லை. அருகில் படுத்திருப்பவரை அழைக்கவும் குரல் எழவில்லை. மார்பின் மீது ஏதோ ஏறி அமர்ந்து அழுத்துவதுபோல் இருக்கிறது. சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ இந்நிலை தானாக விலகிவிடுகிறது. இதனை மருத்துவத்தில் உறக்க முடக்கம் என்பர். மருத்துவர்கள் ஸ்லீப் பராலிசிஸ் என்று குறிப்பிடுவதும் இதனையே.

முக்கியச் செய்திகள்

• உறக்க முடக்கம் அச்சமூட்டக்கூடியது. ஆனால் தன்னளவில் உயிருக்கு ஆபத்தானதன்று.
• இது பக்கவாதம் அன்று, மனநோய் அன்று, பேய் பிடித்ததன் அடையாளமும் அன்று.
• உறக்கக் குறைவும் ஒழுங்கற்ற உறக்க நேரமும் இதன் முக்கியத் தூண்டுதல்கள். அவற்றைச் சீர்செய்தால் பெரும்பாலோருக்கு இது குறைகிறது.
• விழித்து எழுந்த பின்னரும் உடல் அசைவற்றிருந்தாலோ, முகம் கோணினாலோ, இமைகள் தானாக மூடிக்கொண்டாலோ அது உறக்க முடக்கம் அன்று. உடனடியாக 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

உறக்கத்தில் உடலில் நிகழ்வது என்ன?

நமது உறக்கம் ஒரே சீராக அமைவதில்லை. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு சுழற்சி என்ற அளவில், ஓர் இரவில் நான்கு அல்லது ஐந்து சுழற்சிகள் நிகழ்கின்றன. ஒவ்வொரு சுழற்சியிலும் மேலோட்டமான உறக்கம், ஆழ்ந்த உறக்கம், கனவு உறக்கம் ஆகிய நிலைகள் உள்ளன. கனவு உறக்கத்தின்போது மூடிய இமைகளுக்குள் விழிகள் வேகமாக அசைகின்றன. இந்நிலையை 1953 ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் ஆகியோர் விவரித்தனர். வளர்ந்தோரின் மொத்த உறக்கத்தில் ஏறத்தாழ கால் பங்கு இந்நிலையில் கழிகிறது.

கனவில் நாம் ஓடுகிறோம், விழுகிறோம், சண்டையிடுகிறோம். அவற்றை உடலும் செய்யத் தொடங்கினால் காயம் ஏற்படும். ஆகவே, கனவு உறக்கம் நீடிக்கும் வரை கை, கால், உடல் ஆகியவற்றின் தசைகளுக்குச் செல்லும் கட்டளைகளை மூளைத்தண்டு தடுத்து வைக்கிறது. விழிகளை அசைக்கும் தசைகளும் மூச்சுக்கு அடிப்படையான உதரவிதானமும் மட்டும் தொடர்ந்து இயங்குகின்றன. இத்தடை ஒவ்வோர் இரவும் ஒவ்வொருவருக்கும் நிகழ்வதே. நாம் உறங்கிக்கொண்டிருப்பதால் அதனை அறிவதில்லை.

சில வேளைகளில் அறிவு முதலில் விழித்துக்கொள்ள, தசைகளின் தடை விலகச் சற்றுத் தாமதமாகிறது. இவ்விடைவெளியே உறக்க முடக்கம். கனவு முற்றிலும் கலையாததால், கனவில் தோன்றும் உருவங்களும் ஒலிகளும் கண்முன் உள்ள அறையோடு கலந்து தெரிகின்றன. உதரவிதானம் மட்டும் இயங்கி, மார்புத் தசைகள் தளர்ந்திருப்பதால் ஆழமாக மூச்சிழுக்க முயலும்போது இயலாமல் போகிறது. மார்பில் பாரம் ஏறியதுபோன்ற உணர்வு இதனால் உண்டாகிறது. உண்மையில் மூச்சு நிற்பதில்லை.

இந்நேரத்தில் பலருக்கும் மூன்று வகை உணர்வுகள் ஏற்படுகின்றன. அறையில் யாரோ இருப்பது போன்ற உணர்வு, காலடி ஓசை, வாயிற்படியில் நிழலுருவம் ஆகியவை முதல் வகை. மார்பு அழுத்தமும் மூச்சுத் திணறலும் இரண்டாம் வகை. உடலை விட்டு மிதப்பது, சுழல்வது, கீழே விழுவது போன்றவை மூன்றாம் வகை. இவை மூன்றும் உறக்க நிலையின் விளைவுகளே. இவற்றைக் கண்டவர் பொய் சொல்லவில்லை. அறிவு தடுமாறியவரும் அல்லர்.

அமுக்குவான் என்னும் பெயர்

தமிழ்நாட்டில் இவ்வனுபவத்தை அமுக்குவான் பேய், அமுக்கான் என்று கூறும் வழக்கு நெடுங்காலமாக உள்ளது. 'இரவில் ஏதோ அமுக்கியது' என்று முதியோர் சொல்வது பெரும்பாலும் உறக்க முடக்கத்தையே குறிக்கும். மருத்துவரிடமும் அச்சொல்லையே நீங்கள் தயங்காமல் பயன்படுத்தலாம்.

இது நம் மண்ணுக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானில் இதனைக் கனாசிபாரி என்பர். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துப் பகுதியில், ஒரு கிழவி மார்பில் வந்து அமர்வதாகக் கூறுவர். உறங்கும் பெண்ணின் மார்பின் மீது ஒரு குறும்பூதம் அமர்ந்திருப்பதாக ஓவியர் ஹென்றி ஃபியூசெலி 1781 ஆம் ஆண்டில் வரைந்த ஓவியம் புகழ்பெற்றது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாடுகளில் மக்கள் ஒரே வகையான உருவத்தைக் கண்டிருக்கின்றனர் என்பது, இதன் காரணம் மனித உடலின் பொது அமைப்பில் உள்ளது என்பதையே உணர்த்துகிறது. ஆங்கில மருத்துவ உலகில் இன்று வழங்கும் பெயரை 1928 ஆம் ஆண்டில் நரம்பியல் மருத்துவர் கின்னியர் வில்சன் பயன்படுத்தினார்.

இது அரிதானதும் அன்று. பல நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2011 ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீட்டின்படி, வாழ்நாளில் ஒரு முறையேனும் இவ்வனுபவத்தை அடைந்தவர்கள் பொதுமக்களில் 7.6 விழுக்காட்டினர், மாணவர்களில் 28.3 விழுக்காட்டினர், மனநலச் சிகிச்சை பெறுவோரில் 31.9 விழுக்காட்டினர். முதல் அனுபவம் பெரும்பாலும் பதின்பருவத்திலோ இளமையிலோ ஏற்படுகிறது.

விடியற்காலைக் கனவு ஏன் தெளிவாக இருக்கிறது?

விடியற்காலையில் காணும் கனவு பலிக்கும் என்பது நம்மிடையே வழங்கும் நம்பிக்கை. பாண்டிமாதேவி தான் கண்ட தீக்கனாவைக் கூறுவதாகச் சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ஒரு பகுதி அமைந்துள்ளது. கனவை வரவிருப்பதன் அறிகுறியாகக் கருதும் மரபு அவ்வளவு பழமையானது.

விடியற்காலைக் கனவுகள் தெளிவாக இருப்பதற்கு உடலியல் காரணம் உண்டு. இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. கனவு உறக்கம் சில நிமிடங்களே நீடிக்கும். பின்னிரவில் கனவு உறக்கத்தின் அளவு கூடிக்கொண்டே சென்று, விடியும் வேளையில் மிக நீண்டதாகிறது. அவ்வேளையில் விழிப்பவர் கனவின் நடுவிலேயே விழிக்கிறார். எனவே, அக்கனவு முழுமையாக நினைவில் நிற்கிறது. இறந்த உறவினரைக் காண்பது, நீரில் மூழ்குவது, பாம்பு துரத்துவது போன்ற கனவுகள் வந்தால் அவை எதிர்காலத்தை அறிவிப்பதாகக் கருதி அஞ்ச வேண்டியதில்லை. துயரம், கவலை, பகலில் நிகழ்ந்தவை ஆகியவை கனவில் உருமாறித் தோன்றுவது இயல்பு.

தெளிவான கனவுகள் தன்னளவில் நோயல்ல. அவை உறக்கத்தைக் கெடுத்தாலோ, மீண்டும் மீண்டும் அச்சுறுத்தினாலோ, உறங்கவே அஞ்சும் நிலையை உண்டாக்கினாலோ அவற்றுக்கு மருத்துவ உதவி தேவை.

தூண்டும் காரணங்கள்

உறக்கக் குறைவு, நேரம் மாறி உறங்குதல், மல்லாந்து படுத்தல், மனஅழுத்தம், பதற்றம், அதிர்ச்சியான நிகழ்வுகள், மது ஆகியவை உறக்க முடக்கத்தைத் தூண்டுகின்றன. ஒரே குடும்பத்தில் பலருக்கு இது காணப்படுவதும் உண்டு.

தூங்கா நகரம் என்று பெயர் பெற்ற மதுரையில் இக்காரணங்களுள் முதலிரண்டும் பலரின் தொழிலோடு இணைந்துள்ளன. மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையமும் சந்தைகளும் இரவெல்லாம் இயங்குகின்றன. சுற்றுப்புறக் கிராமங்களில் மல்லிகை மொட்டுகளை விரியும் முன் பறிக்க வேண்டியிருப்பதால், பறிப்போர் விடியலுக்கு வெகு முன்னரே தோட்டத்தில் இருக்க வேண்டும். நூற்பாலைத் தொழிலாளர், பேருந்து மற்றும் சரக்கு வண்டி ஓட்டுநர், சுமை தூக்குவோர், இரவுக் கடை ஊழியர், செவிலியர், காவலர் ஆகியோருக்கு உறக்க நேரம் வாரந்தோறும் மாறுகிறது. போட்டித் தேர்வுகளுக்கும் நீட் தேர்வுக்கும் படிக்கும் மாணவர்கள் நள்ளிரவு கடந்தும் விழித்திருக்கின்றனர். சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்குவதைக் காண இரவு முழுவதும் விழித்திருப்போர் பலர்.

உறக்கத்தை இழந்த உடல், அடுத்து வாய்ப்புக் கிடைக்கும்போது இழந்த கனவு உறக்கத்தையும் ஈடுசெய்ய முயல்கிறது. இதனால் கனவு உறக்கம் வழக்கத்தைவிட முன்னதாகவும் மிகுதியாகவும் வருகிறது. பல இரவுகள் விழித்தபின் பகலில் அசந்து உறங்கும்போது உறக்க முடக்கமும் தெளிவான கனவுகளும் நிகழ்வதற்கு இதுவே காரணம்.

மருந்துகளும் மதுவும்

பின்வரும் மருந்துகளை உட்கொள்ளும் சிலருக்குத் தெளிவான அல்லது அச்சமூட்டும் கனவுகள் ஏற்படலாம்.

• இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் புரோப்ரனலால், மெட்டோப்ரலால்
• மனச்சோர்வுக்கான மருந்துகள். குறிப்பாகத் திடீரென நிறுத்தும்போது
• எச்.ஐ.வி. தொற்றுக்கான எஃபாவிரென்ஸ், டோலுடெகிராவிர்
• ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்குமான மான்டெலுகாஸ்ட்
• பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா
• மறதி நோய்க்கான டொனெபெசில்

இம்மருந்துகளுள் எதையும் நீங்களாகவே நிறுத்தக் கூடாது. கனவுகளைப் பற்றி மருத்துவரிடம் கூறினால், அவர் மருந்தையோ அளவையோ உட்கொள்ளும் நேரத்தையோ மாற்றக்கூடும். எடுத்துக்காட்டாக, இரவில் உட்கொண்ட டொனெபெசிலைக் காலைக்கு மாற்றுவதாலேயே சிலருக்குக் கனவுத் தொல்லை நீங்குகிறது. மான்டெலுகாஸ்ட் உட்கொள்ளும் குழந்தையிடம் கெட்ட கனவுகளுடன் எரிச்சல், மனமாற்றம் ஆகியவையும் தென்பட்டால் மருத்துவரிடம் விரைவில் தெரிவிக்க வேண்டும்.

மது உறக்கத்தை வரவழைப்பதுபோல் தோன்றினாலும், முன்னிரவில் கனவு உறக்கத்தை அடக்கிப் பின்னிரவில் அதனைப் பெருக்குகிறது. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது கடுமையான கனவுகள் வருவதுண்டு. அத்துடன் நடுக்கம், வியர்வை, குழப்பம், இல்லாத உருவங்களைக் காணுதல், வலிப்பு ஆகியவை தோன்றினால் அது அவசர நிலை. மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

நீரிழிவு நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்கு இரவில் கெட்ட கனவுகளுடன் உடல் வியர்த்து விழிப்பு வந்தால், இரத்தச் சர்க்கரை குறைந்திருக்கக்கூடும். உடனே அளந்து பார்க்க வேண்டும். அளக்க இயலாவிடில் சர்க்கரை கலந்த நீரை அருந்திவிட்டு, மறுநாளே மருத்துவரை அணுக வேண்டும். உணர்விழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

உறக்க முடக்கம் என்று எண்ணிக் காலம் தாழ்த்தக் கூடாதவை

உறக்க முடக்கம் சில நிமிடங்களில் முற்றிலும் நீங்கிவிடும். எழுந்த பின் எந்தக் குறையும் எஞ்சாது. அவ்வாறன்றி, கீழ்க்காணும் நிலைகளில் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

பக்கவாதம்: முகத்தின் ஒரு பக்கம் தொங்குதல், ஒரு கை அல்லது கால் மட்டும் வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை விழித்தெழுந்த பின்னும் நீடிக்கும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் குறிப்பிட்ட சில மணி நேரத்துக்குள் மட்டுமே தர இயலும். ஆகவே, கடைசியாக அவர் நலமாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

கட்டுவிரியன் கடி: இப்பாம்பு பெரும்பாலும் இரவில், தரையில் படுத்து உறங்குவோரைக் கடிக்கிறது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லாமல் இருக்கலாம். பல் தடமும் தெரியாமல் போகலாம். கடிபட்டவர் அறியாமலே உறங்கிவிடுவதும் உண்டு. விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி, இமைகள் தொங்குதல், விழுங்க இயலாமை, பேச்சுக் குழறுதல் எனத் தொடங்கி மூச்சும் தடைப்படும். வயல்சூழ் கிராமங்களிலும் தோட்டங்களிலும் தரையில் உறங்கிய ஒருவர் காலையில் இமைகளைத் தூக்க இயலாமல் இருந்தால், பாம்புக்கடி எனவே கருதி உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கட்டுப் போடுவதிலும் வாயால் உறிஞ்சுவதிலும் மந்திரிப்பதிலும் நேரத்தைச் செலவிடக் கூடாது. நச்சு முறிவு மருந்தும் தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசமும் உரிய நேரத்தில் கிடைத்தால் உயிர் காக்கப்படும்.

பொட்டாசியம் குறைவினால் வரும் முடக்கம்: கடும் உழைப்புக்கோ மாவுச்சத்து மிகுந்த உணவுக்கோ பின் உறங்கி எழும்போது கைகால்கள் பல மணி நேரம் வலுவிழந்திருக்கும். இரத்தப் பரிசோதனையும் சிகிச்சையும் தேவை.

வலிப்பு: உறக்கத்தில் கைகால் வெட்டி இழுத்தல், நாக்கைக் கடித்தல், படுக்கையில் சிறுநீர் கழித்தல், விழித்தபின் குழப்பம் ஆகியவை வலிப்பைக் குறிக்கலாம்.

மருத்துவரின் ஆலோசனை தேவைப்படும் பிற நிலைகள்

உறக்க முடக்கம் வாரத்தில் பலமுறை வந்தாலோ, அதனால் உறங்க அச்சம் ஏற்பட்டாலோ, பின்வரும் அறிகுறிகள் உடன் இருந்தாலோ மருத்துவரை அணுகுங்கள்.

நார்கோலெப்சி: இரவில் போதிய அளவு உறங்கியும் பகலில் அடக்க இயலாத உறக்கம் வருதல், சிரிக்கும்போதோ வியக்கும்போதோ திடீரென முழங்கால் மடிதல் அல்லது தாடை தளர்தல், உறங்கத் தொடங்கும்போதே கனவு உருவங்கள் தோன்றுதல் ஆகியவற்றோடு உறக்க முடக்கமும் சேர்ந்து வரலாம். மூளையில் விழிப்பை நிலைநிறுத்தும் ஒரெக்சின் என்னும் பொருள் குறைவதே இந்நோயின் முதன்மை வகைக்குக் காரணம். இது பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதில் தொடங்குவதால் சோம்பல் என்று தவறாகக் கருதப்பட்டுப் பல ஆண்டுகள் கண்டறியப்படாமல் போகிறது. வகுப்பில் உறங்கும் மாணவரைத் தண்டிப்பதற்கு முன் மருத்துவரிடம் காட்டுவது நன்று.

கனவு உறக்க நடத்தைக் கோளாறு: இது உறக்க முடக்கத்துக்கு நேர்மாறானது. தசைத் தடை செயலிழப்பதால், கனவில் நிகழ்வதை உடலும் செய்கிறது. கத்துதல், குத்துதல், உதைத்தல், கட்டிலிலிருந்து குதித்தல் ஆகியவை நிகழ்கின்றன. 50 வயதைக் கடந்த ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் இது, பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய்களுக்குப் பல ஆண்டுகள் முன்னரே தோன்றும் அறிகுறியாக இருக்கக்கூடும். நரம்பியல் மருத்துவரைக் காண வேண்டும்.

உறக்கத்தில் மூச்சுத் தடை: உரத்த குறட்டை, இடையே மூச்சு நின்று திணறி எழுதல், காலையில் தலைவலி, பகலில் அசதி ஆகியவை இருந்தால் பரிசோதனை தேவை.

அதிர்ச்சிக்குப் பிந்தைய கனவுகள்: விபத்து, வன்முறை, நெருங்கியவரின் மரணம் ஆகியவற்றுக்குப் பின் அதே நிகழ்வு மீண்டும் மீண்டும் கனவில் வந்து ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரின் உதவி பயனளிக்கும். வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் தோன்றினால் அன்றே உதவி நாட வேண்டும்.

நோயைக் கண்டறிதல்

பெரும்பாலும் நீங்கள் கூறும் விவரமே போதுமானது. இரண்டு வாரங்களுக்கு ஓர் உறக்கக் குறிப்பேட்டை எழுதிவருவது மிகவும் பயன்படும். படுத்த நேரம், எழுந்த நேரம், பகல் உறக்கம், வேலை நேரம், தேநீர் அல்லது காபி, மது, உட்கொண்ட மருந்துகள், முடக்கமோ கெட்ட கனவோ வந்த நேரம் ஆகியவற்றை அதில் குறியுங்கள். குறட்டை, அசைவு ஆகியவற்றை உடன் உறங்குபவர் செல்பேசியில் பதிவுசெய்து காட்டலாம். நார்கோலெப்சி, மூச்சுத் தடை, நடத்தைக் கோளாறு ஆகியவற்றில் ஐயம் இருந்தால் மட்டுமே, இரவு முழுவதும் மூளை அலைகள், மூச்சு, தசை இயக்கம் ஆகியவற்றைப் பதிவுசெய்யும் உறக்க ஆய்வு தேவைப்படும்.

முடக்கம் நிகழும்போது செய்ய வேண்டியவை

1. 'இது உறக்க முடக்கம்; சற்று நேரத்தில் விலகிவிடும்' என்று மனத்துக்குள் கூறிக்கொள்ளுங்கள்.
2. முழு உடலையும் அசைக்கப் போராடாதீர்கள். போராட்டம் அச்சத்தையும் மார்பு அழுத்தத்தையும் கூட்டும்.
3. ஆழமாக மூச்சிழுக்க முயலாமல், மூச்சு தன் போக்கில் செல்ல விடுங்கள்.
4. விழிகளை அசையுங்கள்; ஒரு விரல் நுனி, கால் விரல் அல்லது நாக்கை மட்டும் அசைக்க முயலுங்கள்.
5. தோன்றும் உருவத்தைக் கூர்ந்து பார்க்காமல், வேண்டுதல், பாடல், அன்புக்குரியவரின் முகம் போன்ற ஒன்றில் மனத்தைச் செலுத்துங்கள்.
6. விலகியதும் எழுந்து உட்கார்ந்து, விளக்கை ஏற்றி, நீர் அருந்திவிட்டுப் பக்கவாட்டில் படுங்கள். உடனே அதே நிலையில் மல்லாந்து படுத்தால் மீண்டும் வரக்கூடும்.

அன்றாட வாழ்வில் கடைப்பிடிக்க வேண்டியவை

• வளர்ந்தோர் நாளொன்றுக்கு 7 மணி நேரமாவது உறங்க வேண்டும். படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் விடுமுறை நாள்களிலும் மாற்றாதிருங்கள்.
• உறங்குவதற்கு 6 மணி நேரத்துக்கு முன்பிருந்தே தேநீர், காபி ஆகியவற்றைத் தவிருங்கள்.
• பரோட்டா, பிரியாணி போன்ற கனத்த உணவை நள்ளிரவில் உண்டு உடனே படுப்பதைத் தவிருங்கள். நெஞ்செரிச்சல் உறக்கத்தைக் கலைக்கும்.
• மல்லாந்து படுக்கும்போது முடக்கம் வருமாயின், முதுகுப்பக்கம் ஒரு தலையணையை அண்டக்கொடுத்துப் பக்கவாட்டில் உறங்கப் பழகுங்கள்.
• கோடை வெப்பம் உறக்கத்தைக் கெடுக்கும். காற்றோட்டமான இடம், படுக்கும் முன் குளியல், மெல்லிய பருத்தி ஆடை ஆகியவை உதவும். தரையில் படுப்போர் கொசுவலையின் ஓரங்களைப் பாயின் அடியில் செருகிக்கொண்டால் கொசுவோடு பாம்பு, தேள் ஆகியவற்றிலிருந்தும் பாதுகாப்புக் கிடைக்கும்.
• படுக்கும் முன் ஒரு மணி நேரம் செல்பேசியைத் தள்ளி வையுங்கள்.

இரவு வேலை செய்வோர் உறக்கத்தை நாள்தோறும் ஒரே நேரத்தில் அமைத்துக்கொள்ள வேண்டும். மல்லிகை பறிக்க அதிகாலை 2 மணிக்கு எழுபவர், மாலை 7 மணிக்கே படுக்க இயலுமா என்று குடும்பத்தினருடன் கலந்து முடிவுசெய்யலாம். இயலாதெனில், இரவில் 4 மணி நேரமும் முற்பகலில் 3 மணி நேரமும் எனப் பிரித்து, அவ்விரு வேளைகளையும் மாற்றாமல் காத்துக்கொள்ள வேண்டும். பகலில் உறங்கும் அறையைத் திரையிட்டு இருட்டாக்குவதும், அவ்வேளையில் வீட்டில் அமைதி காப்பதும் குடும்பத்தார் செய்யக்கூடிய பெரிய உதவி.

சிகிச்சை முறைகள்

பெரும்பாலோருக்கு விளக்கமும் உறக்க ஒழுங்குமே போதும். உறக்கத்தைப் பற்றிய அச்சத்தையும் தவறான பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை அடுத்த நிலையில் உதவுகிறது. மிக அடிக்கடி வந்து வாழ்க்கையைப் பாதித்தால், கனவு உறக்கத்தைக் குறைக்கும் மருந்துகளை மருத்துவர் சில காலம் தரக்கூடும். நார்கோலெப்சி, மூச்சுத் தடை, பதற்றம், மனச்சோர்வு ஆகியவை இருந்தால் அவற்றுக்கான சிகிச்சையே முதன்மையானது. மருந்துக் கடையில் நேரடியாகத் தூக்க மாத்திரை வாங்கி உட்கொள்வது கூடாது. அது பழக்க அடிமைத்தனத்தை உண்டாக்குவதோடு, நிறுத்தும்போது கெட்ட கனவுகளைப் பெருக்கும்.

மீண்டும் மீண்டும் வரும் கெட்ட கனவுக்குக் கனவை மாற்றி ஒத்திகை பார்க்கும் முறை பயனளிக்கிறது. பகலில் அக்கனவை எழுதி, அதன் முடிவை உங்கள் விருப்பப்படி மாற்றி அமைத்து, மாற்றிய கனவை நாள்தோறும் 10 முதல் 20 நிமிடங்கள் மனக்கண்ணில் காண வேண்டும். கொடிய அதிர்ச்சியிலிருந்து பிறந்த கனவாயின் இதனை மனநல வல்லுநரின் துணையோடு செய்க.

உடன் இருப்போருக்கு

உறங்குபவரின் மூச்சு மாறியோ முனகல் எழுந்தோ அவர் முடக்கத்தில் இருப்பதாகத் தோன்றினால், பெயர் சொல்லி அழைத்துத் தோளை மெல்லத் தொடுங்கள். தொடுதலினால் முடக்கம் பெரும்பாலும் விலகிவிடும். அவர் கூறுவதைக் கேளுங்கள். ஏளனம் செய்யவோ மேலும் அச்சமூட்டவோ வேண்டாம்.

கனவில் கைகால் வீசுபவரை இறுகப் பிடிக்காதீர்கள். சற்றுத் தள்ளி நின்று குரல் கொடுத்து எழுப்புங்கள். கட்டிலின் அருகிலிருந்து கண்ணாடிப் பொருள்களையும் கூரிய பொருள்களையும் அகற்றுங்கள். தாழ்வான படுக்கையைப் பயன்படுத்துங்கள்.

சிறு குழந்தைகள் உறங்கிய சில மணி நேரத்தில் அலறி எழுந்து, யாரையும் அடையாளம் காணாமல் அழுது, மீண்டும் உறங்கி, காலையில் எதையும் நினைவில் கொள்ளாதிருப்பது உறக்க அலறல் எனப்படும். எழுப்ப முயலாமல் அருகில் இருந்து காத்தால் போதும். பெரும்பாலும் வளர வளர இது நின்றுவிடும்.

நம்பிக்கையும் மருத்துவமும்

திருநீறு பூசிப் படுப்பதும், தலையணையின் அடியில் வேப்பிலை வைப்பதும், தொழுது உறங்குவதும் மனத்துக்கு அமைதி தருமாயின் அவற்றை விட வேண்டியதில்லை. ஆனால் பேய் ஓட்டுதல் என்ற பெயரில் அடித்தல், பட்டினி போடுதல், மிளகாய்ப் புகையில் நிறுத்துதல், சூடு வைத்தல், கட்டி வைத்தல் ஆகியவை உடலுக்கும் மனத்துக்கும் தீங்கானவை. அவை உறக்கத்தை மேலும் கெடுப்பதால், விலக வேண்டிய முடக்கம் மிகுதியாகவே செய்யும்.

2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் குன்றியோரைத் தங்க வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். அந்நிகழ்வை உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மனநோயுற்ற எவரையும் எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்கிறது. இரவில் உருவங்களைக் காண்பதாகக் கூறும் ஒருவருக்குத் தேவை பிணைப்பு அன்று, பரிசோதனை. வழிபாட்டுத் தலத்துக்கு அழைத்துச் செல்ல விரும்பும் குடும்பத்தினர், அதனோடு மருத்துவரையும் காண்பது அவரது உரிமையைக் காப்பதாகும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறக்க முடக்கத்தில் உயிர் போய்விடுமா?
இல்லை. உதரவிதானமும் இதயமும் தொடர்ந்து இயங்குகின்றன. மூச்சு நிற்பதுபோன்ற உணர்வு மட்டுமே ஏற்படுகிறது.

உருவங்களைக் காண்பது மனநோயா?
உறங்கும்போதும் விழிக்கும்போதும் மட்டும் தோன்றுபவை மனநோயைக் குறிப்பதில்லை. முழு விழிப்பில், பகலிலும் குரல்கள் கேட்டாலோ உருவங்கள் தெரிந்தாலோ மனநல மருத்துவரைக் காண வேண்டும்.

நான் வாகனம் ஓட்டலாமா?
எப்போதாவது வரும் உறக்க முடக்கம் தடையன்று. பகலில் அடக்க இயலாத உறக்கம் வருபவர், சிகிச்சையால் அது கட்டுப்படும் வரை வாகனம் ஓட்டவும் இயந்திரங்களை இயக்கவும் கூடாது.

கருவுற்றிருக்கும்போது கனவுகள் மிகுவது ஏன்?
அடிக்கடி உறக்கம் கலைவதால் கனவுகள் நினைவில் நிற்கின்றன. உடல், மன மாற்றங்களும் காரணம். அவை குழந்தைக்குக் கேடு நேரும் என்பதன் அறிகுறி அல்ல.

உதவி பெறும் இடங்கள்

முதலில் உங்கள் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அணுகுங்கள். தேவைப்படின் அவர் அரசு மருத்துவமனைக்கோ, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவருக்கோ பரிந்துரைப்பார். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் நரம்பியல் பிரிவிலும் வெளிநோயாளியாக ஆலோசனை பெறலாம். உறக்கக் குறிப்பேட்டையும் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் உடன் கொண்டுசெல்லுங்கள்.

• அவசர ஊர்தி: 108
• மருத்துவ ஆலோசனை: 104
• மனநல ஆலோசனை, டெலி மானஸ்: 14416 (24 மணி நேரமும், கட்டணமின்றி, தமிழில்)

இப்பக்கத்தில் உள்ளவை பொது அறிதலுக்கானவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.